தாரும் தூணும்

ஒரே நெடுஞ்சாலைக் கோட்டம், ஒரே பணம். சாலைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பாலத்துக்கும் அதிலிருந்துதான்.

சாலையைக் கிலோமீட்டரில் எண்ணுகிறோம். பாலத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம். ஒரே தாளில் இரண்டையும் எப்படிக் கூட்டுவது?

குழி விழுந்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தெரியும். ஆட்டோக்காரர் திட்டுவார். எம்.எல்.ஏ.வுக்குப் போன் போகும். மறுநாள் பேப்பரில் படம் வரும், குழியில் நாற்று நட்ட படம்.

பாலத்தின் பேரிங், அதாவது தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் உள்ள தாங்கி, தேய்ந்தால் யாரும் போன் செய்வதில்லை.

தஞ்சைப் பக்கம் ஒரு வாய்க்கால் பாலம். மாவட்ட முக்கியச் சாலை. சின்னப் பாலம்தான். பெயர் எழுதவில்லை. டெல்டாவில் வாய்க்காலுக்கு வாய்க்கால் இதே மாதிரி ஒன்று நிற்கிறது.

மே மாதம். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. கரையோரம் இறங்கி அடியில் போனேன்.

மேலே தார் புதுசு. கறுப்பு மினுமினுப்பு இன்னும் போகவில்லை. நடுவில் வெள்ளைக் கோடு. கைப்பிடிச் சுவருக்குச் சுண்ணாம்பும் கறுப்புப் பட்டையும்.

கீழே வேறு. தளத்தின் அடிப்பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குக் காரை உப்பி விழுந்திருக்கிறது. உள்ளே கம்பி தெரிகிறது. விரலை வைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்தது விரலில் செம்மண் மாதிரி ஒட்டிக்கொண்டது. மழைநீர் வெளியேற நான்கு வடிகுழாய். மூன்றின் வாயில் மண் இறுகியிருந்தது. நாலாவதில் அரசங்கன்று. வேர் குழாயை விட்டு வெளியே வந்து, பக்கத்து விரிசலுக்குள் நுழைந்திருந்தது. இலை பளபளவென்று ஆரோக்கியமாக இருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா மேலேயிருந்து கேட்டார்: "என்ன தம்பி, கீழ எறங்குறீங்க? பாம்பு கெடக்கும்."

"பாலத்தப் பாக்க வந்தேன்ம்மா."

"பாலத்துல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

கேள்வி சரிதான். மேலே நின்று பார்த்தால் ஒன்றுமில்லை.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. மூடுகிற நாள் ஜனவரி 28. டெல்டாவில் ஒரு பாலத்தின் அடியை ஈரமில்லாமல் பார்க்க முடிவது மூடியதற்கும் திறப்பதற்கும் நடுவில் உள்ள நாலரை மாதத்தில்தான்.

நிதியாண்டு தொடங்குவது ஏப்ரல் 1. ஒதுக்கீடு வந்து, எஸ்டிமேட் போட்டு, ஒப்புதல் வாங்கி, டெண்டர் விட்டு முடிப்பதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும்.

தார் போட அந்தத் தொல்லை இல்லை. வெயில் இருந்தால் போதும். மார்ச் மாதத்தில் எங்கே பார்த்தாலும் தார் கொதிக்கிறது. பணம் காலாவதியாகும் மாதம்.

அதே வாய்க்கால் பாலத்தில் இன்னொன்று. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான் இருக்கிறது. கட்டும்போது அப்படி இருந்திருக்காது. சாலை ஏறியிருக்கிறது. தார் மேல் தார், அதன் மேல் தார். ஓரத்தில் ஒரு இடம் பெயர்ந்து கிடந்தது. அடுக்கு அடுக்காகத் தெரிந்தது.

ஒரு கணக்கு. பாலம் 100 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் தார்க்கலவை போட்டால் 37.5 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.35 டன். மொத்தம் 88 டன். லாரி வரும், போகும். இது போகாது. மூன்று தடவை போட்டால் 260 டன்னைத் தாண்டும்.

பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரிடமிருந்தே உத்தரவு வந்தது. வீட்டு வாசல் பள்ளமாகிறது, மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று ஜனங்கள் முறையிட்டிருந்தார்கள். பாலத்துக்கும் அதனால் நல்லதுதான்.

மினியாபொலிஸ், 2007 ஆகஸ்ட் 1. மிசிசிப்பி மேல் இருந்த ஐ-35 டபிள்யூ பாலம் மாலை நேர நெரிசலில் ஆற்றுக்குள் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். இணைப்புத் தகடுகள் வடிவமைப்பிலேயே பாதித் தடிமன். அரை அங்குலம். நாற்பது வருஷம் அந்தத் தகட்டோடுதான் நின்றது. அன்றைக்குப் பாலத்தின் மேல் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? சாலைத் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை. ஜல்லி, மணல், வண்டிகள் எல்லாம் அந்தத் தகடுகளுக்கு நேர் மேலே குவித்திருந்தார்கள். எடை 260 டன்னுக்குக் கொஞ்சம் மேல்.

மோர்பி, 2022 அக்டோபர் 30. தொங்கு நடைபாலம். பழுது பார்த்து, திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நடக்கிற தளத்தை மாற்றியிருந்தார்கள், மரத்துக்குப் பதில் அலுமினியம். தாங்குகிற கம்பி வடத்தை மாற்றவில்லை. அந்த வடத்தில் 49 இழை. 22 இழை விபத்துக்கு முன்னாலேயே அரித்துப் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு சொன்னது. இறந்தவர்கள் 135 பேர்.

அதே 2022இல் சாலைக் குழிகளால் இந்தியாவில் இறந்தவர்கள் 1,856 பேர். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டேன். இதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியவில்லை.

1,856 பேரும் தனித்தனியாக இறந்தவர்கள். பெரும்பாலும் இரு சக்கர வண்டியாக இருக்கும். மழைத் தண்ணீர் குழியை மூடியிருக்கும். மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. அவர்களுக்காக எந்த முதலமைச்சரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை.

ஆகவே சாலையை விட்டுவிட்டுப் பாலத்துக்குக் கொடு என்று ஒரே வரியில் எழுத எனக்குக் கை வராது.

பாரத்தின் கணக்கு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை, போட்ட சாலையில் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 16 மடங்கு. நாலடுக்குப் பெருக்கம்.

இந்தியாவில் 2018 ஜூலையில் அச்சுப் பார வரம்பை உயர்த்தினார்கள். நாலு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5. கூடுதல் 13 சதவீதத்துக்கும் குறைவு. நாலடுக்கில் போட்டுப் பார்த்தேன். சேதம் 60 சதவீதம் கூடுகிறது.

பராமரிப்புப் பணம் அந்த ஜூலையில் 60 சதவீதம் கூடவில்லை.

கார் ஒன்று சாலைக்குச் செய்கிற சேதம் அனேகமாகப் பூஜ்யம். குழியைப் பற்றிப் புகார் சொல்பவர்களில் பலர் குழியை உண்டாக்காதவர்கள்.

2018 ஆகஸ்ட். மூன்று குறிப்பு.

14ஆம் தேதி, இத்தாலி, ஜெனோவா. மொராந்தி பாலம். 1967இல் திறந்தது. இழுத்துத் தாங்கும் கம்பிகளைக் காங்கிரீட்டுக்குள் மூடிக் கட்டியிருந்தார்கள், துருப்பிடிக்காமலிருக்க. உள்ளே துரு பிடித்ததை யாரும் கண்ணால் பார்க்க முடியவில்லை. 43 பேர்.

அதே மாதம், திருச்சி. 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம். பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு வண்டிகள் போகாது. காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் போவார்கள். காவிரியில் பெருவெள்ளம். நடுவில் தூண்கள் சாய்ந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

22ஆம் தேதி இரவு, முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1830களில் எழுப்பிய மேலணை. 45 மதகில் 9 மதகு அடித்துக்கொண்டு போயின.

மூன்று இடத்திலும் கேடு மேல்தளத்தில் தொடங்கவில்லை.

பாலம் விழுவதற்குப் பாரத்தைவிட ஆற்றுத் தண்ணீர்தான் பெரிய காரணம். 1989 முதல் 2000 வரை அமெரிக்காவில் விழுந்த 503 பாலங்களைப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பாதிக்கு மேல் வெள்ளமும் அடிமண் அரிப்பும்.

நம் ஆறுகளில் மணல் போய்விட்டது. மண்ணுக்குள் புதைந்து கிடக்க வேண்டிய கிணற்று அஸ்திவாரம் ஆள் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. ஒரு காலத்தில் மணல் எதுவரை இருந்தது என்பதற்குத் தூணில் நிறம் மாறுகிற கோடு சாட்சி. கோட்டுக்கு மேலே வெயில் வெளுத்தது. கீழே கருத்த பச்சை.

மணல் அள்ளிய லாரிக்கு அச்சுப் பாரம் கூடுதல். அதே பாலத்தின் மேல்தான் போனது.

அரியலூர், 1956 நவம்பர். மருதையாற்றுப் பாலம். வெள்ளம் மண்ணை அறுத்துவிட்டது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் உள்ளே போயிற்று. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இப்போதும் ராஜினாமாவைப் பற்றிச் சொல்கிறார்கள். மண்ணைப் பற்றிச் சொல்வதில்லை.

ரயில்வே பாலங்களைக் கவனித்தால் தெரியும். பாலத்துக்கு எண் எழுதியிருக்கும். தூணில் வெள்ள அபாய மட்டம் வரைந்திருக்கும். இரும்புக் கர்டரில் எப்போது பெயின்ட் அடித்தது என்று தேதி போட்டிருக்கும். பலவீனமான பாலம் என்றால் வேகக் கட்டுப்பாடு. டிரைவர் மீற முடியாது. பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போனது. 1914இல் திறந்த பாலம், 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. கடற்காற்றில். துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்தவர்கள் எத்தனை தலைமுறை!

சாலைப் பாலத்தில் கல்வெட்டு இருக்கும். யார் திறந்துவைத்தது, யார் முன்னிலை, யார் தலைமை. கடைசியாகப் பேரிங் மாற்றிய தேதி இருக்காது. அந்தக் கல்லில் ஒரு வரி இடம் போதும்.

சைதாப்பேட்டை, 1726. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி சொந்தப் பணத்தில் அடையாற்றுக்குக் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார். கட்டியதோடு விடவில்லை. பாலத்தைப் பராமரிக்கத் தனியாக ஒரு தொகை எழுதிவைத்தார். அந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம், 1966. பழைய கல்வெட்டு மட்டும் ஓரத்தில் நிற்கிறது.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாபாரிக்குப் புரிந்திருக்கிறது.

திருநெல்வேலி, 1843. சுலோசன முதலியார் பாலம். அவரும் கைப்பணம் போட்டவர்தான். மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாலம் இன்னும் வண்டியைத் தாங்குகிறது.

திருச்சி காவிரிப் பாலம், 1976. சிந்தாமணிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில். 2022 செப்டம்பரில் பழுது பார்க்க மூடினார்கள். பேரிங், இணைப்பு இடைவெளி வேலை. 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஏறக்குறைய 7 கோடி. பக்கத்துப் புதுப் பாலத்துக்கு 100 கோடிக்கு மேல்.

அந்த ஆறு மாதம் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மார்க்கெட்டுக்குப் பூக்கொண்டு போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். எல்லோரும் சுற்றிக்கொண்டு. திறந்த அன்று பாலத்தின் மேல் போனவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரிந்தது? இணைப்பு வருகிற இடத்தில் 'தடக் தடக்' இல்லை. அவ்வளவுதான். 7 கோடியும் ஆறு மாதமும் அந்தச் சத்தம் நின்றதில்தான் கண்ணுக்குத் தெரிந்தது, அதாவது காதுக்கு.

இருந்தாலும் அதைச் செய்தார்களே. இப்படி எத்தனை ஊரில் செய்கிறார்கள்?

ஒரு பாலத்தை மூடினால் சுற்றுவழிச் சாலை செத்துப்போகும். அதற்கும் பணம் வேண்டும். ஜெர்மனியில் லூடன்ஷைட் ஊர்ப் பக்கம் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தை 2021 டிசம்பரில் மூடினார்கள். லாரியெல்லாம் ஊருக்குள் திரும்பியது. 2023 மே மாதம் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெடி வைக்கும் நாள் வரை, அதற்குப் பிறகும்கூட, ஊர்த் தெரு லாரியைச் சுமந்தது.

டிரெஸ்டன், 2024 செப்டம்பர் 11, அதிகாலை 3 மணி. கரோலா பாலம். 1971இல் கட்டியது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக மூன்று பாலம். இரண்டைச் சீர்செய்து முடித்துவிட்டார்கள். மூன்றாவதன் முறை 2025இல் வருவதாக இருந்தது. மூன்றாவதுதான் எல்பே ஆற்றுக்குள் விழுந்தது. சில நிமிஷத்துக்கு முன்தான் கடைசி டிராம் போயிருந்தது.

வரிசை என்று ஒன்று போட்டாலே கடைசியில் நிற்பது ஒன்று இருக்கும்.

வதோதரா பக்கம், மகிசாகர் ஆறு, கம்பீரா பாலம். 1985இல் கட்டியது. 2025 ஜூலை 9இல் உடைந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022இலேயே ஊர்ப் பிரதிநிதி ஒருவர் ஆபத்து என்று எழுதிக் கொடுத்திருந்தார். புதுப் பாலத்துக்கு ஒப்புதலும் கிடைத்திருந்தது.

புதுப் பாலம் வரப்போகிறது என்றால் பழைய பாலத்துக்கு யார் செலவு செய்வார்? இந்த இடைக்காலம்தான் மோசமான காலம். பழையதைப் பழுது பார்க்க எழுதினால் 'அதான் புதுசு வருதே' என்று கோப்பு திரும்பும். வண்டி மட்டும் நிற்காது.

உடைந்த விளிம்பில் ஒரு டேங்கர் லாரி வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்குவதற்கே தனியாக ஒரு திட்டம் போட வேண்டியிருந்தது.

மகாராஷ்டிரம், மகாட், 2016 ஆகஸ்ட் 2, இரவு. சாவித்திரி ஆற்றில் வெள்ளையர் காலத்துக் கல்வளைவுப் பாலம் போயிற்று. இரண்டு அரசுப் பஸ்ஸும் சேர்ந்து போயின. அந்த மே மாதம்தான் ஆய்வு செய்திருந்தார்கள். ஆபத்தில்லை என்று எழுதியிருந்தார்கள். புதுப் பாலத்தை 165 நாளில் கட்டி முடித்தார்கள்.

அந்த 165 நாள் வேகம் எங்கேயிருந்து வந்தது? பணம் எங்கேயிருந்து வந்தது? முதல் நாள் வரை இல்லாத பணம்.

அந்த அக்டோபரில் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. 2017 கடைசியில் வந்த எண்: மொத்தம் 1,72,517. இதில் சிறுபாலம், அதாவது சாலைக்கு அடியில் குழாயோ பெட்டியோ வைத்த கல்வெர்ட், 1,34,229. பெரியதும் மிகப் பெரியதும் சேர்ந்தே 5,482தான். உடனே கவனிக்க வேண்டியவை 147.

1,34,229 கல்வெர்ட். இதன் மேல் போகும்போது பாலத்தின் மேல் போகிறோம் என்றே யாருக்கும் தோன்றாது.

ஏரல், 2023 டிசம்பர். தாமிரபரணி. பாலம் நின்றது. பாலத்துக்கு ஏறுகிற சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போயிற்று. இதைச் சாலைக் கணக்கில் எழுதுவதா, பாலக் கணக்கில் எழுதுவதா?

திருவண்ணாமலை மாவட்டம், அகரம்பள்ளிப்பட்டு. தென்பெண்ணை மேல் சுமார் 16 கோடியில் புதுப் பாலம். 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம். சாத்தனூர் அணை நிரம்பி வந்த தண்ணீர். பாலம் போயிற்று. மூன்று மாதம். கணக்குப் போட்ட வெள்ளம் வேறு, வந்த வெள்ளம் வேறு என்றார்கள்.

பழைய மழையை வைத்துக் கணக்குப் போட்ட பாலங்கள் எல்லா ஆற்றிலும் நிற்கின்றன.

ஓய்வு பெற்ற சாலைப் பணியாளர் ஒருவரிடம் பேசினேன். 1997இல் வேலைக்குச் சேர்ந்தவர். 2002 செப்டம்பரில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் இவரும் ஒருவர். 2006இல் திரும்ப எடுத்தார்கள். நடுவில் 41 மாதம். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லித்தான் சங்கம் வருஷக்கணக்கில் போராடியது.

"மழைக்கு முன்னால என்ன வேல பாப்பீங்க ஐயா?"

"ஐப்பசி பொறக்கறதுக்குள்ள சிறுபாலத்து வாயில மண்ணு எடுத்துரணும். அதான் மொத வேல. மூங்கிக் கழி விட்டுக் குத்துவோம். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும். தெரிஞ்சாத்தான் விடுவோம். ரோட்டு ஓரம் தண்ணி நிக்கக் கூடாது, பாத்துக்கிட்டே இருப்போம். ஒரு இடத்துல தண்ணி நின்னுச்சுன்னா மூணு நாள்ல அங்க குழி வரும். எழுதி வச்சுக்கங்க."

எழுதி வைத்திருக்கிறேன்.

"இப்ப யாரு எடுக்கறா?"

"இப்ப ஆளு எங்க? போனவங்க போனவங்கதான். புதுசா எடுக்கல. மண்ணு எடுக்கவும் எஸ்டிமேட்டு போடணும்கறாங்க."

மூங்கில் கழி, மண்வெட்டி, இரண்டு ஆள். தார் வேண்டாம், ஜல்லி வேண்டாம், டெண்டர் வேண்டாம். சாலைக்கும் பாலத்துக்கும் ஒரே நேரத்தில் செய்கிற செலவு இது ஒன்றுதான் என் கண்ணுக்குத் தென்பட்டது. இரண்டையுமே கொல்வது தண்ணீர்.

பிட்ஸ்பர்க், 2022 ஜனவரி 28, காலை. ஃபெர்ன் ஹாலோ பாலம் பள்ளத்துக்குள் விழுந்தது. பஸ் ஒன்று உடைந்த சரிவில் நின்றது. யாரும் சாகவில்லை. உள்கட்டமைப்பு நிதியைப் பற்றிப் பேச ஜனாதிபதி பைடன் அதே நாள் அதே ஊருக்கு வருவதாக இருந்தார். வந்தார். விழுந்த பாலத்தைப் பார்த்தார்.

விசாரணை முடிவு: வடிகால் அடைத்துக்கொண்டது. இலை, சருகு, குப்பை. தண்ணீர் இரும்புக் கால்களின் மேல் வழிந்து தேங்கியது. அந்த இரும்பு தானாகத் துருத் தோல் போர்த்திக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும் ரகம். ஆனால் காய வேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தால் அந்தத் தோல் நிற்காது. கால்களில் ஓட்டை விழுந்தது. ஆய்வு தவறாமல் நடந்தது. 2011 முதலே 'மோசம்' என்ற மதிப்பெண். வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள் என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதியிருந்தார்கள். 2018இல் வழிப்போக்கர் ஒருவர், அற்றுப்போன இரும்புத் தாங்கியைப் படம் எடுத்து மாநகராட்சிக்கே அனுப்பினார்.

சருகு அள்ள எவ்வளவு ஆகும்?

வாய்க்கால் பாலத்து அரசங்கன்று.

வெஸ்ட் வர்ஜீனியா, ஓஹையோ ஆறு, சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15. 46 பேர். கண்வளைய இரும்புக் கம்பி ஒன்றில் விரிசல். ஆழம் இரண்டரை மில்லிமீட்டர். பாலத்தைப் பிரிக்காமல் பார்க்கவே முடியாத இடம். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் தேசிய அளவில் பால ஆய்வு விதிகள் வந்தன, 1971இல்.

இரண்டரை மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் தாரை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அளவுப் புத்தகம் இருக்கிறது, பில் இருக்கிறது.

உலக வங்கியின் 1994 உலக வளர்ச்சி அறிக்கையில் ஒரு கணக்கு. ஆப்பிரிக்காவில் பத்து வருஷத்தில் 1,200 கோடி டாலர் நேரத்தோடு பராமரிப்புக்குச் செலவழித்திருந்தால் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிச்சமாகியிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லாக் கருத்தரங்கிலும் இதைச் சொல்லியாயிற்று.

சாலை முதல் பத்து வருஷம் மெதுவாகக் கெடும். அப்புறம் சடசடவென்று. நல்ல சாலைக்கு மெல்லிய பூச்சு போட்டால் மலிவு. கெட்டுப்போன சாலையைத் தோண்டித்தான் போட வேண்டும், பல மடங்கு. அதனால் விவரம் தெரிந்த என்ஜினியர் நல்ல சாலைக்கு முதலில் செலவழிக்கச் சொல்வார். குண்டும் குழியுமான சாலைக்காரர்களிடம் போய் இதை யார் சொல்வது? பக்கத்து ஊரின் வழவழ சாலையில் தார் வண்டி நிற்பதைப் பார்த்து வயிறு எரிகிறவர்களிடம்?

பாலத்துக்கும் அதே கணக்குதான். நன்றாக இருக்கும்போது பெயின்ட், வடிகுழாய், இணைப்பு. கெட்ட பிறகு மூடல்.

ஆனால் சாலை கெட்டுக்கொண்டே வண்டியை விடும். வேகம் குறையும், முதுகு வலிக்கும், போய்ச் சேரலாம். பாலத்துக்கு அந்தப் பாதி நிலை கிடையாது.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், 2000 டிசம்பர். போட்ட ஒப்பந்ததாரரே 5 வருஷம் பராமரிக்க வேண்டும், ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆறாம் வருஷம் ஊராட்சி ஒன்றியம் என்ன செய்யும்?

சாலையோரப் புளியமரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடுகிறது. எந்த மரத்தில் பழம் என்று எண் போட்டு, பட்டை அடித்து, வருஷம் தவறாமல். மரத்துக்கு எண் இருக்கிறது. அந்த வாய்க்கால் பாலத்தில் எண்ணைத் தேடினேன். சுண்ணாம்புக்கு அடியில் இருக்கலாம். சுரண்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

எனக்கு ஒரு எண்ணம். கோட்டத்துக்கு வருகிற பராமரிப்புப் பணத்தில் முதல் பிடி பாலத்து அடிக்கும் தண்ணீர் வழிக்கும் என்று எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். தார் அதற்கு அப்புறம். எவ்வளவு என்பதை அடியில் இறங்கிப் பார்த்தவர் சொல்லட்டும். குழிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். நானும் ஸ்கூட்டரில் போகிறவன்தான்.

மனு எழுத வேண்டும். தகவல் உரிமைச் சட்டம், கோட்டப் பொறியாளர் அலுவலகம், பொதுத் தகவல் அலுவலர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்.

கேட்க வேண்டியவை: கடந்த மூன்று நிதியாண்டில் சாலைத் தளத்துக்கு எவ்வளவு, பாலங்களுக்கும் சிறுபாலங்களுக்கும் எவ்வளவு, தனித்தனியாக. இந்த வாய்க்கால் பாலத்தைக் கடைசியாக ஆய்வு செய்த தேதி, ஆய்வு அறிக்கையின் நகல். ஆய்வு செய்தவர் அடியில் இறங்கினாரா என்று கேட்க முடியாது, அதற்குப் பதில் அறிக்கையில் படம் இருந்தால் அதன் நகல். புதுத் தார் போடும் முன் பழையதைச் சுரண்டியதற்கான அளவுப் புத்தகப் பக்கம். வடிகுழாய் சுத்தம் செய்ய ஏதாவது எஸ்டிமேட்டில் தொகை உண்டா, உண்டென்றால் எவ்வளவு.

பதில் தர 30 நாள். மே கடைசிக்குள் அனுப்பினால் ஜூன் கடைசி. அதற்குள் மேட்டூர் திறந்திருப்பார்கள்.

இன்னும் ஒரு கேள்வி சேர்க்க: அரசங்கன்றை வேரோடு எடுக்க யாருக்கு அதிகாரம்?